முதலில் இஸ்திரி வண்டி அண்ணனைக் கேளுங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் எங்கள் ஏரியா வாட்ஸப் குரூப்பில் யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "இந்த வருஷம் நாமும் ஏதாவது செய்யணும்." உடனே ஒருவர் ஜிபே நம்பர் போடுவார், இன்னொருவர் மொத்தமாக பிரெட் வாங்கலாம் என்பார், மூன்றாமவர் எந்த வருடத்தில் எடுத்தது என்றே தெரியாத ஏரி உடைப்பு வீடியோ ஒன்றை ஃபார்வர்ட் பண்ணி எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைப்பார். மனசு நல்ல மனசுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் சரி, நான் பார்த்தவரை சாப்பாட்டுப் பொட்டலம் மெயின் ரோட்டில் வண்டி வண்டியாக வந்து இறங்கியது, அதே நேரத்தில் இரண்டு தெரு உள்ளே தள்ளி மாடியில் தனியாக இருந்த வயதானவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கொடுக்கிற கைக்கு சென்னையில் என்றைக்குமே பஞ்சமில்லை. எந்த வீட்டில் யாருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் கிடைப்பதில்லை.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் அப்படித் தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார், வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். அசோசியேஷன் ரிஜிஸ்டரில் இருப்பது வீட்டு ஓனர் பெயர், அந்த ஓனர் பெங்களூரில் இருப்பார். அண்ணனிடம் இருப்பது வேறு கணக்கு. போன மழைக்கு முன்னால் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "பச்சை கேட் வீடு, கீழ்வீட்டு சாரு டயாலிசிஸ் போறாரு, செவ்வாயும் வெள்ளியும், ஆட்டோ வரலன்னா கஷ்டம். அடுத்த வீட்டு மாடில அம்மா மட்டும்தான், பையன் துபாய்ல, அவங்களுக்கு நம்பர் மனப்பாடம் கிடையாது, ஆனா என்கிட்ட இருக்கு. கடைசி வீட்டு மொட்டை மாடி ஷெட்ல பீகார் பசங்க ஆறு பேர், சென்ட்ரிங் வேலை, மழைன்னா கூலி கிடையாது." பெட்டியில் கரி போட்டு விசிறிக்கொண்டே, ஒரு தடவைகூட யோசிக்காமல் சொன்னார். கேன் தண்ணி போடும் தம்பியிடமும் பால் போடும் அக்காவிடமும் கேட்டதில் இன்னும் சில வீடுகள் சேர்ந்தன.

இதை குரூப்பில் போடாதீர்கள். தனியாக இருக்கும் பெண்மணி எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஊருக்கே சொல்வது உதவி இல்லை. தெருவில் நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம் தாளில் இருந்தால் போதும். தாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பேய் மழையோடு செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் அடையாறில் சேர்ந்து வந்தபோது கரண்டும் போய், டவரும் போய், கையில் விலை உயர்ந்த போன் வைத்திருந்தவர்களும் பக்கத்துத் தெருவில் இருக்கும் சொந்த அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் தவித்தார்கள்.

அதனால்தான் இன்வெர்ட்டர் இருக்கும் வீடு அந்த நேரத்தில் பெரிய விஷயம். ஃபேனை நிறுத்திவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை வாசல் திண்ணையில் நனையாத இடத்தில் வைத்து, யார் வேண்டுமானாலும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னால் போதும், வெளிநாட்டில் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அது நிம்மதி. துபாய் பையன் விஷயத்தில் இரண்டு நிமிடப் பேச்சு, "அம்மா நல்லா இருக்காங்க தம்பி, இட்லி சாப்பிட்டாங்க", அவ்வளவுதான் வேலை.

மருந்துதான் யாரும் யோசிக்காத இடம். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் ஃப்ரிட்ஜ் நின்றதும் இன்சுலின் கெட்டுப்போய்விடும் என்று பதறுவார்கள். பயன்படுத்த ஆரம்பித்த பாட்டிலோ பேனாவோ வெயில் படாமல், ரொம்ப சூடில்லாமல் இருந்தால் பெரும்பாலும் நான்கு வாரம் வரை தாங்கும் (வகைக்கு வகை மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள், மருந்துக்கடையிலும் கேட்கலாம்). பிரிக்காததைக் கவரில் கட்டி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நனையாமல் வைத்தால் வெளியில் கிடப்பதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். மழைக்கு முன்பே வயதானவர்களின் மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிறபோது அவர்களுக்கும் சேர்த்துப் பத்து நாள் மாத்திரை வாங்கி வந்துவிடுவது நூறு பிரெட் பாக்கெட்டுக்குச் சமம். பிரெட் பாவம், அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, ஆனால் மூன்றாவது நாள் பூசணம் பூத்த பிரெட்டை மூட்டையாகக் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாப்கின், கொசுவத்தி, மெழுகுவத்தி, குழந்தைக்குப் பால் பவுடர் என்று கேட்டவர்கள்தான் அதிகம். போய்க் கேளுங்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். கொடுக்கும்போது செல்ஃபி எடுப்பவர்களைப் பற்றி எழுதினால் பிபி ஏறும், விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் சம்ப், அதாவது தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி, உள்ள வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. தெருத் தண்ணீர் சம்புக்குள் போயிருந்தால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் சாக்கடை கலந்திருக்கும். கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லி, இறைத்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் போடும்வரை மோட்டார் போடாமல் பார்த்துக்கொள்வதும் சமூக சேவைதான். தண்ணீர் இல்லாத வருடமும் இதே ஊருக்கு வந்தது. 2019-இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நாலு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள், ஒரு ரயிலுக்கு சுமார் 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் மெட்ரோ வாட்டர் லாரி வரும் நேரத்தில் வேலைக்குப் போயிருந்தவர்களுடைய குடத்தையும் வரிசையில் நகர்த்தி நகர்த்தி நிரப்பி வைத்த பெண்கள் செய்ததற்கு யாரும் சர்டிஃபிகேட் கொடுக்கவில்லை.

அப்புறம் காசு. 2020 ஊரடங்கில் வேலைக்கு வரும் அக்காவை வர வேண்டாம் என்று சொன்ன வீடுகளில் எத்தனை வீடு சம்பளத்தை முழுசாகக் கொடுத்தது? கொடுத்தவர்கள் இருந்தார்கள், அரைச் சம்பளத்தில் நிறுத்திவிட்டு நிவாரண நிதிக்கு நன்கொடை அனுப்பி ரசீதை ஸ்டேட்டஸ் போட்டவர்களும் இருந்தார்கள். என்னைக் கேட்டால், நம் வீட்டில் வேலை செய்கிறவருக்குச் சேர வேண்டியது சேர்ந்த பிறகுதான் மற்ற தர்மம். வெள்ளம் வடிந்த வாரத்தில் தள்ளுவண்டிக்காரரிடம் கொத்தமல்லிக்குப் பேரம் பேசாமல் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

கையில் காசில்லாதவர்கள்கூடச் செய்யக்கூடியது, எழுதிக் கொடுப்பது. மிக்ஜாமுக்குப் பிறகு அரசு ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தது. டோக்கன் வந்தவர்கள் வாங்கிவிட்டார்கள். ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்க, இங்கே வாடகைக்கு இருந்தவர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பில்லாமல் எழுதவும், ஜெராக்ஸ் எடுக்கவும், எந்தக் கடையில் கொடுப்பது என்று விசாரிக்கவும் ஆள் தேவைப்பட்டது. எங்கள் தெருவில் ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண் கேரம்போர்டை மடியில் வைத்துக்கொண்டு மாலை முழுக்க எழுதித் தள்ளினாள், நடுவில் ஒரு பெரியவர் தன் பெயருக்கு எத்தனை சுழி 'னா' என்று அவளிடமே கேட்டார்.

மழைக்கு முன்னால் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. மழைநீர் வடிகால் வாயில் அடைத்திருக்கும் இலையையும் பாலிதீன் கவரையும் ஒரு குச்சியால் இழுத்துவிடலாம், அதற்கு மேல் உள்ள அடைப்புக்கு மாநகராட்சியின் 1913-க்குப் போன் பண்ணி, புகார் எண்ணைக் குறித்து வைத்து, மறுபடி மறுபடி கேட்க வேண்டும். மேன்ஹோல் மூடியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழங்கால் தண்ணீரில் நடந்து வருகிறவர் உள்ளே போய்விடுவார்.

இந்த வருடம் அசோசியேஷன் மீட்டிங்கில் நான் வைத்த ஒரே கோரிக்கை, தரைத்தளத்தில் வாட்ச்மேனுக்கு என்று பூட்டி வைத்திருக்கும் கழிவறையைத் துப்புரவுப் பணியாளர்களும் டெலிவரி பசங்களும் இஸ்திரி அண்ணனும் பயன்படுத்தத் திறந்துவிடுங்கள் என்பது. மழைக்காலத்தில் தெருவில் நிற்கிறவர்களுக்குச் சோற்றைவிட முதலில் தேவைப்படுவது அதுதான். நிவாரண நிதிக்கு அஞ்சு நிமிடத்தில் ஓகே சொன்னவர்கள் இதற்கு முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். "அழுக்காயிடும் சார்" என்றார் செயலாளர். கழுவும் முறையை வீட்டுக்கு வீடு பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லி முதல் வாரத்துக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேசுகிறோம்.