மேசைத் தொலைபேசியிலிருந்தே அலுவலக ஈபிஏபிஎக்ஸை மாற்றியமைத்த அனுபவம்

கோவையில் நூலிழை வணிகம் செய்யும் எங்கள் அலுவலகத்தில் மூன்று லேண்ட்லைன்களும் எட்டு எக்ஸ்டென்ஷன்களும், அதாவது உள் தொலைபேசிகளும், பானசோனிக் கேஎக்ஸ்-டிஇஎஸ்824 என்ற ஈபிஏபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள் அழைப்புகளைப் பிரித்து இணைக்கும்) பெட்டியில் இணைந்திருக்கின்றன. பிரிவுகள் அறை மாறியபோது எக்ஸ்டென்ஷன் எண்கள், இரவு அழைப்புகள், எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) தடை ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தது. கணினி வழியாகவும் இதைச் செய்யலாம். அதற்குரிய மென்பொருள் எங்களிடம் இல்லாததால் வரவேற்பு மேசையின் தொலைபேசியிலிருந்தே செய்து முடித்தேன்.

சாதாரண இரண்டு கம்பித் தொலைபேசி இதற்கு உதவாது. திரையும் கூடுதல் பட்டன்களும் உள்ள, பானசோனிக்கின் கீ டெலிபோன் தேவை. எங்களிடம் இருந்தது கேஎக்ஸ்-டி7730. பேச்சுக்கு ஒரு ஜோடி, தரவுக்கு ஒரு ஜோடி என நான்கு கம்பிகளும் வரும்படி அதைப் பெட்டியின் 01 ஆம் ஜாக்கில் (இணைப்புத் துளையில்) இணைத்தேன். ரிசீவரை வைத்த நிலையில் ப்ரோகிராம் பட்டனை அழுத்தி, நட்சத்திரம், ஹேஷ், பிறகு கடவு எண்ணை இட்டால், எந்த ப்ரோகிராம் எண் (ஒவ்வொரு அமைப்புக்கும் உரிய மூன்று இலக்க எண்) வேண்டும் என்று திரை கேட்கிறது. அந்த நொடியிலிருந்து பட்டன்களின் வேலையே மாறிவிடுகிறது: ஸ்பீக்கர் பட்டன் அடுத்ததற்கும், ரீடயல் முந்தையதற்கும், ஹோல்ட் முடிப்பதற்கும் உரியவை. சேமிக்கும்போது ஒரு பீப் ஒலித்தால் ஏற்கப்பட்டது, மூன்று ஒலித்தால் மறுக்கப்பட்டது என்பதால், திரையைவிடக் காதையே நான் அதிகம் நம்பினேன்.

எக்ஸ்டென்ஷன் எண்களை 009 என்ற ப்ரோகிராமில் மாற்றுவது எளிதாகவே முடிந்தது. எந்த லைனில் வரும் அழைப்பு எந்த ஜாக்கில் ஒலிக்க வேண்டும் என்பது பகலுக்கு 408, இரவுக்கு 409 எனத் தனித்தனியாக இருக்கிறது. ஒரே வரித் திரையில் ஒரு நேரத்தில் ஒரு மதிப்பு மட்டுமே தெரிவதால், லைன்களை மேலேயும் ஜாக்குகளைப் பக்கவாட்டிலும் எழுதிய கட்டத்தாள் ஒன்றை முன்பே நிரப்பிவைத்திருந்தேன். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பகல், இரவு தானாக மாற வேண்டுமானால் மாறும் முறைக்கும் நேரத்துக்கும் உரிய 006, 007 ஆகியவற்றோடு 000 இல் உள்ள கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும்.

அதிக யோசனை தேவைப்பட்டது எஸ்டிடி தடைக்குத்தான். முன்பெல்லாம் 0 என்ற ஒரே இலக்கத்தைத் தடுத்தால் போதும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து எந்த மொபைலை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டதால், அந்தப் பழைய தடை இருந்தால் டிரைவரைக்கூட அழைக்க முடியாது. இந்தப் பெட்டியில் எக்ஸ்டென்ஷன்களுக்கு ஐந்து தடை வகுப்புகள் உண்டு. முதல் வகுப்புக்குத் தடையில்லை, அடுத்தடுத்த வகுப்புகளில் தடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே இரண்டாம் வகுப்பில் வெளிநாட்டு அழைப்புக்கான 00 ஐ மட்டும் தடுத்தேன். மூன்றாம் வகுப்பில் தில்லி, மும்பை, கொல்கத்தா போன்றவை அடங்கும்படி 01, 02, 03, 05 ஆகியவற்றைச் சேர்த்தேன். திருப்பூரின் 0421 இல்லாமல் எங்கள் வணிகம் நடக்காது என்பதால் 04 ஐத் திறந்தே விட்டேன். பெங்களூரின் 080 ஐத் தடுக்க வழியில்லை. 80 என்று தொடங்கும் மொபைல் எண்களும் 0 சேர்ந்தவுடன் அதே வடிவில்தான் வருகின்றன.

முடிந்ததும் கிடங்கு எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு மொபைலையும், ஒரு திருப்பூர் எண்ணையும், ஒரு மும்பை எண்ணையும் அழைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் கிடைத்தன, மும்பை கிடைக்கவில்லை. இரவு முறைக்கு மாற்றி, வெளியிலிருந்து மூன்று லைன்களையும் அழைத்துக் காவலர் அறையில் மணி ஒலிப்பதை உறுதிசெய்தேன். பெட்டி தயாராகி வரும்போதே அதில் இருக்கும் 1234 என்ற கடவு எண் இந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரிந்தது. அதை 002 இல் மாற்றி, புதிய எண்ணையும் கட்டத்தாளின் ஒரு படியையும் உறையிலிட்டு மேலாளரிடம் ஒப்படைத்தேன்.