ஐப்பசி மழையும் ஹைடெக் லேபும்

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. பள்ளிக்குள் நுழையும்போதே ஹெச்.எம். சார் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். "டீச்சர், உங்க ஒன்பதாம் வகுப்புல எத்தன பேரு வந்திருக்குன்னு போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். 38 பேரில் 11 பேர். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மாலை 3.52-க்குப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போயிருந்தது. "கனமழை காரணமாக நாளை பள்ளிக்கு விடுமுறை. பெற்றோர் கவனத்திற்கு." அனுப்பியது என் எண். கீழே வரிசையாக "நன்றி டீச்சர்", கும்பிடு, கும்பிடு, கும்பிடு. அந்தக் குழுவை மியூட் செய்து வைத்திருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெற்றோருக்கும் சந்தேகம் வர வழியில்லை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. ஐப்பசியில் வானம் கறுத்தாலே பிள்ளைகள் கலெக்டர் அறிவிப்பு வந்ததா என்று டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும்.

நடந்தது இதுதான். புதன்கிழமை ஒரு வினாத்தாளை அச்சடிக்க லேப் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தேன். அச்சடித்தேன். மணி அடித்தது. போய்விட்டேன். கடைசிப் பீரியடு லேபில் ஒன்பதாம் வகுப்பு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பை ஒரு கணினியோடு இணைத்துவிட்டால், போன் கைப்பையில் அணைந்து கிடந்தாலும் அந்தக் கணினியில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். போனைத் தவிர நாலு கருவிகள் வரை இப்படி இணையலாம். போனை 14 நாள் திறக்காமலே இருந்தால் தானாகத் துண்டிக்கும். 'லிங்க்டு டிவைசஸ்' என்ற இடத்தில் எந்தெந்தக் கணினி என்று பார்த்து ஒவ்வொன்றாக வெளியேற்றலாம். அன்று பார்த்தேன். லேப் கணினி ஒன்று, ஆபீஸ் கணினி ஒன்று, தக்கலையில் நான் போன மார்ச்சில் ஒரே ஒரு தடவை போன ஜெராக்ஸ் கடை ஒன்று. அந்தக் கடைக்காரர் ஏழு மாதமாக என் குடும்பக் குழுவைப் படித்திருக்கலாம். பாவம் அவர்.

பி.இ.டி. சார் விசாரணைக்குத் தயாரானார். தமிழ் டீச்சர் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லையே, ஒன்பதாம் வகுப்புல இப்பிடி எழுதுற பயல் யாரு?" என்று வேறு கோணத்தில் தேட ஆரம்பித்தார். தமிழ் 99 விசைப்பலகையில் வேகமாக அடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதை யாரும் அப்போது எடுத்துச் சொல்லாதது ஆறுதல்.

ஹெச்.எம். சார் விசாரணையை நிறுத்தினார். "திறந்து போட்டது நம்ம தப்பு. லேபுக்கு ஒரு விதி எழுதுங்க டீச்சர், முதல்ல" என்றார்.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்தது. எங்களுக்கும் வந்தது. 20 கணினி, ஓடுவது 17. இத்தனை நாளும் அதன் வாசலில் இருந்த ஒரே விதி: 'காலணிகளை வெளியே விடவும்.'

எல்லாரும் செய்வதைத்தான் நானும் முதலில் செய்தேன். ஏதோ ஒரு பெரிய பள்ளியின் ஆங்கில விதித்தாளை எடுத்து, மொழிபெயர்த்து, மூன்று பக்கம் அடித்தேன். தலைப்பு 'ஏற்கத்தக்க பயன்பாட்டுக் கொள்கை'. 31 விதி. முப்பத்தொன்றும் 'கூடாது' என்று முடியும். ஒன்பதாம் வகுப்பில் வாசித்தேன். ஒருத்தி கையைத் தூக்கி, "கொள்கைன்னா கட்சிக் கொள்கையா டீச்சர்?" என்றாள். சிரிப்பு அடங்கியபிறகு எண்ணிப் பார்த்தேன். அந்த வாரம் நான் மீறியது மட்டும் நாலு.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மதிய இடைவேளையில் எட்டு, ஒன்பது, பதினொன்றிலிருந்து இரண்டிரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "லேபுல உண்மையிலே என்னதான் நடக்கு? பேரு கேக்க மாட்டேன்" என்றேன். ஐந்து நிமிடம் சோற்றுப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவன் ஆரம்பித்தான், அப்புறம் நிறுத்த முடியவில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவையாவது "நெட் போச்சு டீச்சர்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். நானும் பி.எஸ்.என்.எல். காரரைத் திட்டிக்கொண்டே மோடத்தை அணைத்துப் போடுவேன். விஷயம் என்னவென்றால், நெட் இல்லாவிட்டால் குரோமில் ஒரு டைனோசர் ஓடும் விளையாட்டு வரும். அதை விளையாடக் கணினிக்குப் பின்னால் கேபிளைப் பிடுங்கி விடுகிறார்கள். இரண்டு வருடமாக. நான் மூன்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் வந்தது. கீபோர்டில் எழுத்துகளை நெம்பி எடுத்து இடம் மாற்றி வைப்பது. ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டியதில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேருக்குப் பேன். ஒருத்தி கூகுள் கணக்கை மூடாமல் போனால் அடுத்து வருகிறவன் அவள் படத்தை எடுத்துவிட்டுக் குரங்குப் படம் வைப்பது. பதினொன்றாம் வகுப்புக்காரன் மெல்லச் சொன்னான்: "டீச்சர், பாஸ்வேர்டு மானிட்டர்லயே ஒட்டியிருக்கு. அட்மின் பாஸ்வேர்டு." ஒட்டியது நான். மறந்துவிடுவேன் என்று.

இணையத்திலிருந்து எடுத்து எழுதுவதைப் பற்றியும் பேச்சு வந்தது. அதே மாதம் ஒரு பையன் குளச்சல் போர் பற்றி ஒப்படைப்பு எழுதியிருந்தான். அழகான நடை. ஆனால் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா போர்த்துகீசியரைத் தோற்கடித்ததாக எழுதியிருந்தான். 1741-ல் குளச்சலில் தோற்றது டச்சுக்காரர்கள். ஏதோ ஏ.ஐ.யிடம் கேட்டு அப்படியே இறக்கியிருக்கிறான். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரிடம் படைத்தலைவராக இருந்து, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். கல்லறையில் தமிழிலும் லத்தீனிலும் எழுத்து இருக்கிறது. அந்தக் கோட்டைக்கு எங்கள் பள்ளியிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். "போய்ப் பாத்துட்டு வா மக்களே" என்று அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை போய், கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, ஒப்படைப்பை மறுபடி எழுதினான். அதில் மூன்று எழுத்துப்பிழை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்தப் பேச்சிலிருந்துதான் எங்கள் தாளின் இந்த வரி வந்தது: 'எங்கிருந்து எடுத்தாய் என்று கீழே எழுது. ஏ.ஐ.யிடம் கேட்டிருந்தால் அதையும் எழுது.' தடை போடவில்லை. வீட்டில் அப்பா போனில் எப்படியும் கேட்பார்கள்.

கணினி வேலைகள் ஒரு சனிக்கிழமையில் முடிந்தன. மாணவர்களுக்குத் தனிக் கணக்கு, அதில் மென்பொருள் நிறுவவோ அமைப்பை மாற்றவோ உரிமை இல்லை. பாஸ்வேர்டுத் தாளைப் பிய்த்தேன், மாற்றினேன். பிரவுசர் மூடினால் எல்லாக் கணக்கும் தானாக வெளியேறும்படி வைத்தேன். ரூட்டரில் டி.என்.எஸ். (தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைத் தேடித் தருவது) முகவரியை 1.1.1.3 என்று மாற்றினேன். கிளவுட்ஃபிளேர் குடும்பங்களுக்காக இலவசமாகத் தருவது. ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் அதில் திறக்காது. விளையாட்டுத் தளங்கள் தாராளமாகத் திறக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும். யாராவது போனைக் கொண்டுவந்து ஹாட்ஸ்பாட் போட்டால் இதெல்லாம் ஒன்றுக்கும் ஆகாது.

கஷ்டம் ஆசிரியர் கூட்டத்தில் இருந்தது. தாளின் மேல் பாதி பிள்ளைகளுக்கு, கீழ்ப் பாதி எங்களுக்கு என்று எழுதிக்கொண்டு போயிருந்தேன். லேப் கணினியில் சொந்த வாட்ஸ்அப் திறக்கக் கூடாது. ஜெராக்ஸ் கடையில் செருகிய பென்டிரைவை ஸ்கேன் செய்யாமல் செருகக் கூடாது (எங்கள் ஷார்ட்கட் வைரஸ் முழுக்க அந்த வழியில் வந்ததுதான்). பிள்ளைகளின் ஆதார் எண் உள்ள எக்செல் ஷீட்டை குரூப்பில் போடக் கூடாது. பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஸ்டேட்டஸில் வைக்கக் கூடாது. கடைசி வரியைப் படித்ததும் அறை அமைதியானது. ஆண்டு விழாப் படங்கள் அப்போதும் மூன்று பேர் ஸ்டேட்டஸில் ஓடிக்கொண்டிருந்தன. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைதான், அவர்கள் தகவலைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதுதான் அடிப்படை என்று சொன்னேன். முணுமுணுப்போடு நிறைவேறியது.

தண்டனை என்ன? ஒருவர், ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) சட்டத்தைப் போட்டுப் பயம் காட்டலாம் என்றார். பிறருடைய பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். உண்மைதான். குரங்குப் படம் வைத்த பதின்மூன்று வயதுப் பயலிடம் போய் அதை வாசிப்பதா? லேபுக்குள் விடாமல் ஒரு மாதம் நிறுத்தலாம் என்றார் இன்னொருவர். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான், இரண்டுக்கும் பிராக்டிகல் இருக்கிறதே, அவனை எப்படி நிறுத்துவது? வெளியே முட்டி போட வைப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. கடைசியில், கெடுத்ததைச் சரிசெய்வது என்று முடிவானது. எழுத்தை மாற்றி வைத்தவன் எல்லாக் கீபோர்டையும் துடைத்துச் சரியாக மாட்டுவான். பெரிய விஷயமாக இருந்தால் பெற்றோரோடு உட்கார்ந்து பேசுவது. மிரட்டல், படத்தை வெட்டி ஒட்டுவது, பணம் என்று போனால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ சைபர் குற்ற உதவி எண் 1930-க்கோ பள்ளியே கூப்பிடும்.

ஒன்பதாவது வரிக்குத்தான் இரண்டு கூட்டம் பிடித்தது. நான் எழுதியது: 'தவறான ஏதாவது தானாகத் திரையில் வந்தால் திரையை அணைத்துவிட்டு டீச்சரிடம் சொல். சொன்னவரைத் திட்ட மாட்டோம்.' முதல் பாதி எல்லாருக்கும் சம்மதம். இரண்டாம் பாதி ஒருவருக்கும் இல்லை.

"திட்ட மாட்டோம்னு நம்மளே எழுதிக் குடுத்தா, எல்லாத் தப்பையும் செஞ்சிட்டு வந்து நின்னு சொல்லுவானுவ டீச்சர்" என்றார் பி.இ.டி. சார்.

"சொன்னா நல்லதுதானே சார்."

"நமக்கு மரியாதை இருக்குமா?"

எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி மதியப் பேச்சில் சொன்னதைச் சொன்னேன். பாடத்துக்குப் படம் தேடும்போது அசிங்கமாக ஒன்று வந்துவிட்டதாம். பயந்து, மானிட்டர் சுவிட்சை அணைத்து, மீதிப் பீரியடு முழுக்க இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டே தட்டச்சு செய்வதுபோல உட்கார்ந்திருந்தாளாம். நான் இரண்டு தடவை அவளைக் கடந்து போயிருக்கிறேன். பி.இ.டி. சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. "செரி, போடுங்க. ஆனா 'தானாக'ங்கிற வார்த்தை இருக்கணும்" என்றார். இருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். கூட்டம் சாயங்காலம் வைத்தோம், ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடிகாலையே கிளம்பிவிடுவார்கள். சாயாவும் ரசவடையும் வரும்வரை யாரும் தாளைப் பார்க்கவில்லை. அப்புறம் பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி கேட்டார். பையனின் அப்பா அம்மா இரண்டு பேரும் மஸ்கட்டில். "டீச்சரே, இதுல ஒப்பு போட்டா எனக்க பேரன் வீட்டுல போனு நோண்டுறதுக்கும் நான்தான் பதில் சொல்லணுமா?" இல்லை அம்மா, இது பள்ளிக் கணினிக்கு மட்டும் என்றேன். "அப்போ வீட்டுக்கும் ஒண்ணு எழுதித் தாரும்" என்றார். எழுதிக் கொடுத்தேன், நாலே வரி. ராத்திரி போன் பாட்டி தலைமாட்டில் இருக்கும் என்பது அதில் முதல் வரி. அதற்கும் பேரனிடம் ஒப்பு வாங்கிவிட்டதாகக் கேள்வி.

மொத்தம் 12 வரி, ஒரு பக்கம். ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளே வாசித்துக் கையெழுத்துப் போட்டார்கள். கீழ்ப் பாதியில் நாங்கள். லேப் சுவரில் காலணிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.

ஒட்டி இரண்டாவது வாரம், கடைசிப் பீரியடு முடிந்து எல்லாரும் போனபிறகு ஒரு பையன் சுவரோரமாக நின்று தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு. தமிழில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுக்கிறவன்.

"என்ன மக்களே, போகலியா?"

"டீச்சர், இந்த ஒன்பதாவது விதி..."

"ம்."

"அது ஐப்பசியில நடந்ததுக்கும் செல்லுமா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் தாளைப் பார்த்தான்.

"திரையில தானாத்தான் கெடந்துது டீச்சர்" என்றான், மெதுவாக.

தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். பன்னிரண்டு வரி, முப்பதுக்கு மேல் கையெழுத்து, பள்ளி முத்திரை எல்லாம் இருந்தன. தேதி போட மறந்திருந்தேன்.