எங்கள் ஆங்கில ஆசிரியர் அறிமுகப்படுத்திய ஜிம்மி ரோஜர்ஸ்

எமது கல்லூரி விடுதிக்குப் பொறுப்பாகவும் எங்களுக்கு ஆங்கில ஆசிரியராகவும் இருந்த பெருந்தகையிடம் பழைய இசைத்தட்டுகள் சில இருந்தன. அவற்றுள் அவர் பெரிதும் மதித்தது, கன்ட்ரி எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகர் ஜிம்மி ரோஜர்ஸ் 1928இல் பதிவுசெய்த, புகையிரதத்துக்காகக் காத்து நிற்கும் ஒருவனின் பாட்டாகும். சனிக்கிழமை மாலைகளில் அதைப் போட்டுவிட்டு, "இதைப் பாடுறவர் முந்தி என்ன வேலை பார்த்தவர் தெரியுமோ?" என்று கேட்பார். அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் பிற்காலத்தில்தான் புலப்பட்டது.

ரோஜர்ஸ் 1897இல் பிறந்தவர். மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரைத் தம் ஊராகக் கொண்டவர். தந்தையார் தண்டவாளப் பராமரிப்புக் குழுவொன்றின் மேற்பார்வையாளர். மகனும் இளவயதிலேயே புகையிரத வேலைக்குச் சென்று பிரேக்மன் ஆனார். பெட்டிகளை இணைப்பதும், கைப்பிரேக்குகளைத் திருகி வண்டியை நிறுத்த உதவுவதும் மட்டுமன்றி, வேலை தேடி ஊர் ஊராக அலைந்த ஹோபோக்கள் சரக்குப் பெட்டிக்குள் ஒளிந்திருந்தால் அவர்களை இறக்கிவிடுவதும் பிரேக்மனின் கடமையாக இருந்தது.

அந்த இசைத்தட்டு, ரோஜர்ஸ் தம் தொண்டையாலேயே எழுப்பும் புகையிரதக் கூவலுடன் தொடங்குகிறது. வீட்டிலிருந்து ஆயிரம் மைல் தொலைவில், தண்ணீர்த் தாங்கியின் அருகே மழையில் கிடக்கும் ஹோபோ ஒருவன் பிரேக்மனிடம் சென்று பேச்சுக்கொடுக்கிறான். பணம் இருந்தால் ஏற்றுவதாக அவர் சொல்கிறார். சல்லிக்காசும் இல்லை என்றதும் திட்டி இறக்கிவிட்டுப் பெட்டிக் கதவை அறைந்து சாத்துகிறார். தம் சொந்தத் தொழிலைச் சேர்ந்த ஒருவரைக் கடுமையானவராக நிறுத்தி, துரத்தப்பட்டவனின் வாயால் ரோஜர்ஸ் பாடியதையே எங்கள் ஆசிரியர் எங்களுக்கு உணர்த்த விரும்பினார் என நம்புகிறேன். 1932இல் அவர் பதிவுசெய்த மற்றொரு பாட்டிலோ, சொர்க்கத்திலும் சரக்கு வண்டிகள் இருக்குமா, அங்கும் முரட்டுப் பிரேக்மன்கள் ஏறக்கூடாது என்பார்களா என்று ஹோபோ ஒருவன் எண்ணிப் பார்க்கிறான். அனுதாபத்தால் மட்டும் இப்படி எழுத முடியாது. பெட்டிக் கதவருகே நின்று அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

1924இல் ரோஜர்ஸுக்குக் காசநோய் இருப்பது தெரியவந்தது. புகையிரத வேலை கைவிட்டுப் போயிற்று. 1927 ஆகஸ்ட் 4ஆம் திகதி டெனசி மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில், விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் முதன்முதலாகப் பாடினார். அதன்பின் ஆறாண்டுகூட அவருக்கு வாய்க்கவில்லை. தமது நோயையே 1931இல் பாட்டாக்கினார். 1933 மே மாதம் நியூயோர்க்கில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே கட்டிலில் படுத்து இளைப்பாறியபடியே இறுதிப் பதிவுகளைச் செய்து முடித்து, 26ஆம் திகதி தமது 35ஆவது வயதில் அங்கேயே காலமானார். அவருடைய பதிவுகளுள் இன்று நான் அதிகம் கேட்பவை அந்த இறுதிப் பாட்டுகளே. குரல் மெலிந்திருக்கிறது, ஆயினும் ஒரு சொல்லையும் அவர் விழுங்கவில்லை.