காஞ்ச கிழங்கும் கயிற்றுக் கணக்கும்

தென் அமெரிக்காவோட பழைய இன்கா பேரரசுன்னாலே எல்லாரும் அவங்க மலை நகரமான மச்சு பிச்சு போட்டோதான் போடுறாங்க. எனக்கு இன்கா மக்களோட உருளைக்கிழங்கு மேலதான் கண்ணு. ஆண்டிஸ் மலையில ராத்திரி உறைபனியில கிழங்கைப் பரப்பிடுவாங்க. பகல் வெயில்ல இளகினதும் காலால மிதிச்சுத் தண்ணியைப் பிழிஞ்சுடுவாங்க. சில நாள் இப்படியே செஞ்சா, தக்கை மாதிரி லேசா 'சுன்யோ' ரெடி. வருஷக்கணக்கா கெடாது. (இன்காக்களுக்கு முன்னாடியே இருந்த வித்தைதான் இது.)

இதையும் மக்காச்சோளத்தையும் மலைச்சரிவுல காத்தோட்டமான அரசுக் கிடங்குகள்ல சேர்த்து வச்சாங்க. எழுத்து கிடையாது, வரவு செலவெல்லாம் கயித்துல முடிச்சுதான், ஒண்ணு, பத்து, நூறுன்னு.

ஸ்பானியர்கள் வந்து இப்போ பெரு நாட்டுல இருக்கற ஹௌஹா பகுதிக் கிடங்குகள்ல கை வச்சாங்க. ஊர்க்காரங்க சும்மா இருக்கல. ஸ்பானியர்கள் எடுத்ததையெல்லாம் முடிச்சுப் போட்டு வச்சிருந்து, 1561ல லிமா நீதிமன்றத்துல அந்தக் கயித்தைக் காட்டியே கணக்குச் சொன்னாங்க. கில்லாடிங்க!