0.8 மில்லிமீட்டரும் ஒரு தட்டு போண்டாவும்

இன்றைக்குக் காலையில் அம்மா ஒரு பழைய லாரி ட்யூபைக் கொண்டுபோய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். நான் பார்த்துவிட்டேன். "உங்கப்பாகிட்ட வாயத் தொறந்தீன்னா பாத்துக்கோ" என்றார்.

எல்லாம் அந்த டிரெய்லரால் வந்தது. அப்பாவின் எம்எம் 540 ஜீப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? என் கல்யாண ஆல்பத்தில் மாமனாரைவிட அதிகப் படங்களில் அதுதான் நிற்கிறது. தேங்காய் ஏற்ற அதற்குப் பின்னால் ஒரு சின்ன டிரெய்லர் வாங்கினோம். எதை வைத்து மாட்டுவது என்பதில்தான் வீடு மூன்றாக உடைந்தது.

அப்பா பின் கட்சி. டிராக்டருக்குப் போடுவது போல இரண்டு பட்டைக்கு நடுவே டிரெய்லர் மூக்கை விட்டு, மேலிருந்து ஒரு பின்னைச் சொருகினால் வேலை முடிந்தது. மச்சான் பந்துக் கட்சி. ஜீப்பின் பின்னால் ஒரு இரும்புப் பந்து, டிரெய்லர் மூக்கில் அதை மேலிருந்து கவ்வுகிற கிண்ணம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆஸ்திரேலியாக்காரன் பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிற வீடியோ பார்ப்பவர் வேறு எப்படி இருப்பார்? நாங்கள் ஓட்டுவது வீட்டிலிருந்து வாய்க்கால் மேடு, மேட்டிலிருந்து தோப்பு. பாலைவனத்துக்கு இன்னும் தேங்காய் அனுப்ப ஆரம்பிக்கவில்லை.

லேத் பட்டறை அண்ணன் மட்டும் மிலிட்டரிக் கொக்கி என்றார். பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் பார்த்தவர். "மேட்டுல ஏறுறப்ப ஜீப்பு ஒரு பக்கம் சாயும், டிரெய்லரு இன்னொரு பக்கம் சாயும். நடுவுல இருக்கறது திருகிக் குடுக்கோணும். பின்னு குடுக்காதுங்க." அப்பா கேட்டால்தானே?

மூன்றாவது வாரம் 400 மட்டைத் தேங்காயோடு மேட்டில் ஏறியபோது பின் வாழைப்பழம் மாதிரி வளைந்தது. கழற்றவும் முடியவில்லை. இரண்டு நாள் ஜீப் போன இடமெல்லாம் டிரெய்லரும் போனது. எழவு வீட்டுக்குக்கூட.

அடுத்து மச்சான் ஆட்சி. பந்தை ஒரு இடத்திலும், அதைக் கவ்வுகிற கப்ளரை இன்னொரு இடத்திலும் ஆர்டர் போட்டு வரவழைத்தார். மாட்டினால் லீவர் படியவில்லை. மச்சான் அதன் மேல் ஏறி நின்றார். தொண்ணூறு கிலோ. படியவில்லை. அண்ணன் பேசாமல் வெர்னியர் என்கிற அளவுக் கருவியை எடுத்துப் பந்தின் இடுப்பில் வைத்து, அப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீட்டினார். 50.8. கப்ளரோ 50 மில்லிமீட்டர். பந்து இரண்டு இஞ்ச் கணக்கு. "ரெண்டு இஞ்சுன்னா அம்பதுதானே?" என்றார் மச்சான். என் தங்கை அவரை எப்படிப் பார்த்தாள் என்று எழுதினால் அவர் தீபாவளிக்கு வரமாட்டார்.

கடைசியில் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடையில் அண்ணன் சொன்ன மிலிட்டரிக் கொக்கி ஒன்று கிடைத்தது. தூக்கினால் தோள் இறங்குகிற கனம். கீழ்த்தாடையில் டிரெய்லரின் வளையத்தைப் போட்டு, மேல்தாடையை மூடி, ஒரு பின்னைக் குறுக்கே விட வேண்டும். அண்ணன் அதை ஜீப்பில் ஏற்றிக்கொண்டே கதை சொன்னார். 1940-இல் அமெரிக்கப் பட்டாளத்துக்கு முதன்முதலில் ஜீப்பைச் செய்து காட்டியது பாண்டம் என்கிற சின்னக் கம்பெனியாம். பெரிய ஆர்டர் எல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. பாண்டமுக்குக் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் கட்டுகிற கால் டன் டிரெய்லர் வேலை. அப்பா ஒரு நிமிடம் யோசித்தார். "நாம வெட்டுன கெணத்துல பங்காளி தண்ணி எறைக்கறானே, அந்த மாதிரிங்க" என்றார். அப்புறம் அந்தக் கிணற்றுக் கதை முக்கால் மணி நேரம் ஓடியது.

கொக்கி அருமை. மேட்டில் ஜீப் எப்படிச் சாய்ந்தாலும் அது பாட்டுக்குத் திருகிக் கொடுக்கிறது. வளையத்துக்கும் கொக்கிக்கும் நடுவில் விட்டிருக்கிற இடைவெளியால்தான் அது முடிகிறது. அதே இடைவெளியால்தான் பிரேக் போட்டால் டக், எடுத்தால் டடக், பள்ளத்தில் டகடகடக். ஊருக்கே கேட்கும்.

அம்மாவுக்கு ஒரே வாரத்தில் அது பாடமாகிவிட்டது. சத்தம் பாலத்தருகே நின்றால் டீக்கடை. ரெண்டு நிமிடத்தில் மறுபடி கேட்டால் டீ. பத்து நிமிடம் ஆனால் போண்டா. மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற சர்க்கரை டெஸ்டில் போன தடவை அப்பாவுக்கு 8.2, அதிகம். வாசலில் இறங்கியதுமே "எத்தன போண்டாங்க?" என்று அம்மா கேட்க, அப்பா டீக்கடைக்காரரைச் சந்தேகித்தார், என்னைச் சந்தேகித்தார், மச்சான் ஜீப்பில் ஏதோ கேமரா வைத்துவிட்டதாகக்கூடச் சந்தேகித்தார். உண்மையைச் சொன்னது லேத் பட்டறை அண்ணன். வளையத்தில் ட்யூப் ரப்பரைச் சுற்றினால் சத்தம் அடங்கும் என்று வழியும் சொல்லிக் கொடுத்தார்.

இப்போது அப்பா வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். திண்ணை, மோட்டார் ரூம், கட்டிலுக்கு அடியில். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏனுங்க, எந்த ட்யூப்பு?" என்கிறார்.

அப்பா என்னைப் பார்த்தார். நேற்றுப் பாலத்தில் அவரோடு உட்கார்ந்து மூன்று போண்டா தின்றவன் நான். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.