காத்தாடிச் சத்தமும் லயத்துத் தூக்கமும்

நுவரெலியாவுக்குக் கிட்ட அம்பேவெல பால்பண்ணைப் பக்கம் மேட்டில் மின்சாரம் எடுக்க நிற்கும் காற்றாலைக் காத்தாடிகள் சின்னவை. 250 கிலோவாட் வீதம் 12. மன்னாரில் தம்பபவனிக் காற்றாலையில் நிற்பது ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட். மலைநாட்டில் இனிமேல் காத்தாடி வைக்க வந்தால் பெரிய ரகம்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

தலையிடி, தலைசுற்று எல்லாவற்றுக்கும் காதுக்குக் கேட்காத அடிச்சத்தம்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் அது. ஆஸ்திரேலியாவில் சத்தம் ஒத்துக்கொள்ளாத 37 பேரை 72 மணிநேரம் அந்தச் சத்தத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வந்தது. தூக்கமும் மாறவில்லை, பிரஷரும் மாறவில்லை. ஆகவே அதை விடுங்கள். லயத்துக் காம்பிராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) தலையிடி என்றால் முதலில் பார்க்கவேண்டியது அடுப்புப் புகை.

காதுக்குக் கேட்கும் சத்தம் வேறு கதை. கனடாவில் 1,238 பேரிடம் எடுத்த ஆய்வில் நோய்க்கும் காத்தாடிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் சத்தம் கூடக்கூட எரிச்சல் கூடியது. அந்த எரிச்சலை 'மனப்பிரமை' என்று தட்டிவிடுவது தப்பு. செக்கனுக்கு ஒருதரம் 'வ்வூஷ்... வ்வூஷ்' என்று ஏறி இறங்கும் சத்தம், ஒரே சீராக ஓடும் ஆற்றுச் சத்தத்தைவிடக் குறைவாக இருந்தாலும் காதில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் 45 என்ற எண். இலங்கையின் 1996ஆம் ஆண்டு இரைச்சல் ஒழுங்குவிதிப்படி பிரதேச சபைப் பகுதியில் இரவுக்கு 45 டெசிபெல், அதுவும் சத்தம் கிளம்பும் காணியின் எல்லையில். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கு 2018இல் சொன்னதும் 45தான். ஆனால் அந்தக் கணக்கில் மாலைச் சத்தத்துக்கு 5, இரவுச் சத்தத்துக்கு 10 கூட்டி, வருடம் முழுவதற்கும் சராசரி எடுக்கிறார்கள். நாள் முழுக்க ஒரே மாதிரி ஓடும் சத்தம் 39க்குக் கீழே இருந்தால்தான் அந்த 45க்குள் அடங்கும். 105 டெசிபெல் கிளப்பும் பெரிய காத்தாடியை எடுங்கள்: 500 மீட்டரில் ஏறக்குறைய 43, ஒரு கிலோமீட்டரில் 37. தூரம் இரட்டித்தால் 6 குறையும். 500 மீட்டரில் நம் சட்டம் 'சரி' என்கிறது, உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 'இல்லை' என்கிறது. கூட்டத்தில் '45க்குள்தான்' என்று சொன்னால் எந்த 45 என்று கேளுங்கள்.

சமவெளிக் கணக்கு மலைக்கு அப்படியே பொருந்தாது. மேட்டில் காற்று அடிக்கும், பள்ளத்து லயத்தில் இலை அசையாது. மறைக்க வேறு சத்தம் இல்லாததால் அதே 40 பெரிதாகக் கேட்கும். ஜனவரி, பெப்ரவரியில் பனி கொட்டும் இரவுகளில் கீழே குளிரும் மேலே சூடுமாகக் காற்று அடுக்கி நிற்கும். மேலே போகவேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும்.

சுற்றும் இறக்கை வெயிலை மறைத்து மறைத்து வீட்டில் நிழல் வெட்டுவதைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். நம் நாட்டில் சூரியன் கிழக்கு மேற்காகவே ஓடுவதால், காத்தாடிக்கு மேற்கே உள்ள வீட்டுக்குக் காலையிலும் கிழக்கே உள்ளதற்குப் பின்னேரத்திலும்தான் நீள நிழல் விழும். நேர் வடக்கிலும் தெற்கிலும் விழாது. வலிப்பைக் கிளப்ப செக்கனுக்கு 3 வெட்டுக்கு மேல் வேண்டும். மூன்று இறக்கை நிமிடத்துக்கு 20 சுற்று சுற்றினால் ஒரு வெட்டுத்தான்.

முறைப்பாடு கொடுக்கப்போனால் வெறும் 'தூக்கமில்லை' எடுபடாது. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் நேரம், காற்று எந்தப் பக்கம், சத்தம் எப்படி என்று எழுதுங்கள். அளப்பதென்றால் சுவரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி, நெஞ்சு உயரத்தில், மைக்குக்குப் பஞ்சு உறை போட்டு, பத்து நிமிடம். காத்தாடி நின்றிருக்கும்போதும் ஒருதரம் அளக்கவேண்டும். அது இல்லாமல் மற்றதற்கு மதிப்பில்லை. உறை இல்லாத போனில் பதிவாவது காற்று மைக்கில் மோதும் சத்தம். மழையில் அளக்கவே வேண்டாம்.

'வ்வூஷ்' இல்லாமல் விசில் மாதிரி வந்தால் இறக்கை முனை அரித்திருக்கலாம், மின்னல் பட்டுப் பிளந்திருக்கலாம். விடாமல் ஒரே சுருதியில் முனகினால் கியர்பெட்டி. இரண்டும் பழுதுபார்த்தால் போகும். தகரம் அதிர்கிறது என்றால் புகார் எழுதுமுன் ஏணி வைத்து ஏறி ஆணிகளைப் பாருங்கள். ஆடிக்காற்றில் கழன்ற தகரம், காத்தாடி நின்ற இரவிலும் அடிக்கும்.