கிங்ஸ்டனில் நங்கூரம்

மார்ச் 4, செவ்வாய்

விடியும் முன்பே, துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறிவிட்டார். வாட்ச் முடித்து டெக்குக்கு வந்தால் எதிரே ஜமைக்காவின் நீல மலை, தலையில் மேகம். 2,256 மீட்டர். தேர்ட் ஆபீசர் ஒரு சின்னத் திட்டைக் காட்டினார். 1720-ல் ஜாக் ராக்கம் என்ற கொள்ளையனைத் தூக்கிலிட்டு, உடலை அங்கேதான் தொங்கவிட்டார்களாம். உள்ளே வரும் கப்பல்காரன் எவனும் பார்க்காமல் போக முடியாது. அதற்காகவே அந்த இடம்.

மார்ச் 5, புதன்

கப்பல் ஜெனரேட்டருக்கு வேண்டிய பாகம் இன்னும் வரவில்லை. ஏஜென்டைக் கேட்டால் "நாளைக்கு". நேற்றும் அதேதான் சொன்னார்.

வேலை இல்லாததால் கடல் வரைபடமான சார்ட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிசேடோஸ் என்கிற மணல்திட்டு சுமார் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கை நீட்டியதுபோல் கிடக்கிறது. அது அணைத்து வைத்திருப்பதுதான் துறைமுகம். வெளியே அலை மோதினாலும் உள்ளே குளம்தான். எங்கள் பாகம் வந்திறங்க வேண்டிய விமான நிலையமும் அந்த மணலில்தான். கை நுனியில் போர்ட் ராயல்.

மார்ச் 7, வெள்ளி

கரையிறங்க ஷோர் பாஸ் கிடைத்தது. நேராகப் போர்ட் ராயல்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் அமெரிக்கக் குடியேற்றங்களிலேயே பணம் கொழித்த ஊர்களில் ஒன்று. இன்று மீன்பிடி கிராமம். 1692 ஜூன் 7, பகல் பன்னிரண்டு அடிக்கப் போகும் நேரம். பூமி குலுங்கியதும் ஈர மணல் கூழாகி, மேலே இருந்த செங்கல் வீடுகள் அப்படியே அமிழ்ந்தன. ஊரில் மூன்றில் இரண்டு பங்கு கடலுக்குள். பின்னாளில் கடலடியிலிருந்து எடுத்த ஒரு பாக்கெட் கடிகாரத்தில் மணி 11:43. அதற்கு நான்கு வருடம் முன்பு புதைத்த, பேர்பெற்ற கடற்கொள்ளைத் தலைவன் ஹென்றி மார்கனின் கல்லறையையும் கடல் விடவில்லை.

தேவாலயத்தில் லூயிஸ் கால்டி என்பவரின் கல்லறைக் கல். முதல் அதிர்வில் நிலம் விழுங்க, அடுத்த அதிர்வில் கடலுக்குள் வீசப்பட்டு, படகு வரும்வரை நீந்திப் பிழைத்தாராம். 1739 வரை இருந்திருக்கிறார். கப்பல்காரன் கதை என்றால் நம்பமாட்டேன், கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கோட்டைக்குப் பின்னால் ராணுவக் கிடங்கு ஒன்று, 1907 நிலநடுக்கத்தில் சாய்ந்தபடியே நிற்கிறது. உள்ளே நுழைந்ததும் கால் தானாகச் சுவரை நோக்கி ஓடியது. இருபது வருடம் ஆடும் கப்பலில் நின்றவன், ஆடாத தரையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்!

துறைமுகத்தைக் காப்பதும் இதே மணல், ஊரை விழுங்கியதும் இதே மணல்.

மார்ச் 8, சனி

பாகம் வந்தது, பொருத்தியாயிற்று. நடுவே இரண்டு மணி நேரம் கிங்ஸ்டன் கடைத்தெரு.

போர்ட் ராயலில் பிழைத்தவர்கள் படகேறி வந்து ஒதுங்கியபோது இந்தக் கரை ஒரு கர்னலின் பன்றிப் பட்டி. கொசுவிலும் காய்ச்சலிலும் நிறையப் பேர் செத்தார்கள். இருந்தும் நூல் பிடித்ததுபோல் தெரு போட்டார்கள். 1703-ல் போர்ட் ராயல் தீப்பிடித்ததும் மிச்சப்பேரும் இங்கே வந்தார்கள். தலைநகரம் மட்டும் உள்நாட்டில் ஸ்பானிஷ் டவுனிலேயே கிடந்தது. வியாபாரம் எல்லாம் இங்கே, ஆட்சி அங்கே. 1755-ல் மாற்றிப் பார்த்தார்கள், தோட்ட முதலாளிகள் விடவில்லை. 1872-ல்தான் நிரந்தரமாக வந்தது. 1907-ல் நிலநடுக்கமும் தீயும் சேர்ந்து கிங்ஸ்டனையும் சாய்த்தன. கிங் தெருவின் கான்கிரீட் அரசு கட்டடங்கள் அதற்குப் பிறகு எழுந்தவை.

பாம்மி இரண்டு பொட்டலம் வாங்கினேன். மரவள்ளிக்கிழங்கு அடைதான். சமையல்காரர் மோந்து பார்த்துவிட்டு, தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டுப் பொரித்துக் கொடுத்தார். கப்பல் கயிறு அவிழ்ப்பதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.